சாகாத மீன்

உப்பங்கழியில் பிழைக்கிற மீன்களிலேயே மதிப்பில்லாதது கழிக்குஞ்சுதான். ஆள்காட்டி விரல் நீளம்கூட வராது. மழுங்கின தலை, வானத்தைப் பார்த்துத் திறக்கிற வாய், பாசி நிற உடம்பில் அரைகுறையாக அழிந்த மாதிரி சில வெள்ளிக் கோடுகள். பொரித்தால் முள்தான் மிஞ்சும். சேற்று வாடை இரண்டு நாளைக்கு விரலை விட்டுப் போகாது. ஆனால் அதன் உயிர் இருக்கிறதே, அது கல்லில் செய்தது. கடல் தண்ணீரில் கிடக்கும், மழைத் தண்ணீரில் கிடக்கும், இரண்டும் கலந்து வெயிலில் வெந்நீரான குட்டையிலும் கிடக்கும். வற்றத்தில் தண்ணீர் இறங்கிக் கழி முழுக்க வெறும் சேறாகிவிட்டால், கோரைப்புல் தூரில் ஈரமான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு அடுத்த ஏற்றம்வரை பொறுத்திருக்கும்.

இந்தப் பொறுமைக்குத்தான் தூண்டில்காரர்கள் அதை வாங்கினார்கள். பெரிய மீன் வந்து கவ்வ வேண்டுமானால் இரை உயிரோடு துடிக்க வேண்டும். வேறு எந்தக் குஞ்சைக் கொக்கியில் குத்தினாலும் ஐந்து நிமிஷத்தில் வாயைப் பிளந்துவிடும். கழிக்குஞ்சு அரை நாள் ஆடும்.

கழி ஓரத்துத் தகர வீட்டில் குடியிருந்த அக்காவுக்கு அதைப் பிடிப்பதுதான் தொழில். ஊரில் எல்லாருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அவளைவிட ஒன்பது வயது இளைய தம்பி. அதே வீட்டின் பின்னறையில் இருந்தான். இது அவன் கதை.

அக்காவிடம் பதினொரு கம்பிக் கூடுகள் இருந்தன. ஏற்றம் தொடங்குகிற நேரத்தில் நண்டு ஓடுகளை நசுக்கி ஒவ்வொன்றுக்குள்ளும் போட்டு, சின்னச் சின்ன ஓடைகளின் வாயில் கயிறு கட்டி இறக்குவாள். தண்ணீர் திரும்பியதும் முழங்கால் சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்குவாள். வாளியில் கொட்டும்போது தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்கும். ஈரப் பாசியில் சுற்றி டப்பாவில் அடைத்துத்தான் விற்பாள். தண்ணீர் வேண்டாம்.

"இது சாயங்காலம் வரைக்கும் தாங்குமாக்கா?" என்று புதிதாக வருகிறவன் கேட்பான்.

"சாயங்காலமா? உங்களுக்கு முன்னாடி சாகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் வியாபாரத்தில் பொய் கிடையாது. நேற்றுப் பிடித்ததை இன்று பிடித்தது என்று சொல்ல மாட்டாள். ஒரு டப்பாவுக்கு இருபது என்றால், உள்ளே இருபத்தொன்று இருக்கும். அதனால் அவள் வாய்க்கு ஊரில் ஒரு எடை இருந்தது. படகு எந்தப் பக்கம் போனது, யார் வலையை யார் அறுத்தது என்று சண்டை வந்தால், "அக்காவைக் கேளு" என்று முடித்துவிடுவார்கள்.

கழிக்கு மேல்பக்கம் துணிக்குச் சாயம் போடுகிற ஆலை. சாயம் கழுவின தண்ணீர் நாலைந்து பெரிய தொட்டிகளில் சுத்தமாகிக் கழியில் வந்து விழும். அந்தப் பிரிவில்தான் தம்பிக்கு வேலை. மாதத்துக்கு ஒரு தடவை, சுத்தம் செய்த தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பிப் பத்து மீனை விட வேண்டும். நாலு நாள் கழித்து ஒன்பது மீனாவது உயிரோடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் கழியில் விடலாம். இல்லையென்றால் ஆலையை நிறுத்த வேண்டும். மீனை எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் பொறுப்பு. ஆலையில் அவனுக்கு மீன் டாக்டர் என்றே பேர். "என்ன டாக்டர், பேஷண்ட்டெல்லாம் சௌக்கியமா?" என்று வாசல் காவலாளி தினமும் கேட்பார். அவனும் தினமும் சிரிப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற இயந்திரம் பழுதாகிவிட்டது. சோதனைக்கு அப்போதெல்லாம் பண்ணையிலிருந்துதான் மீன் வரும். கண்ணாடி மாதிரி மெல்லிய உடம்பு, உள்ளே முதுகெலும்பு நிழலாகத் தெரியும். அந்த மாதம் இரண்டாம் நாள் காலையில் பத்தும் மல்லாந்து மிதந்தன. பிரிவுக்குத் தலைவியான லேப் மேடம் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷி. சத்தம் போட்டு யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மெஷினுக்கு பார்ட் வர மூணு வாரம் ஆகும்ங்கிறான். அதுவரைக்கும் முந்நூறு பேரும் வீட்டுல உக்காரணுமா? என்ன பண்றது?"

அவர் அவனைக் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் கேட்காத கேள்விக்கு அவனாகவே வாயைத் திறந்தான்.

"மேடம், எங்க அக்கா ஒரு மீன் பிடிப்பா. அது எதுலயும் சாகாது."

சொன்னபோது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. மேடம் திரும்பி அவனைப் பார்த்தார். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடி விரல் வைத்துப் படித்தார்.

"'அந்தப் பகுதியில் கிடைக்கும் மீன்'னுதான் போட்டிருக்கு. எந்த மீன்னு போடலை." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "கழியில கிடைக்கிறதுதானே?"

"கழியிலதான் மேடம். எங்க வீட்டு வாசல்லயே."

"அப்போ ரூல்படி சரிதான்." புத்தகத்தை மூடும்போது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு மாதத்துக்கு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மூன்று வாரத்தில் வர வேண்டிய பார்ட் ஆறு மாதம் கழித்து வந்தது. மாட்டின கையோடு மறுபடி கெட்டது. மீன் செத்தால்தானே யாராவது இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள்? மீன் சாகவில்லை. மாதாமாதம் பத்துக்குப் பத்து. பண்ணை மீன் வருவது நின்றுபோனது. அவன் வேலை நிரந்தரமானது.

அக்காவிடம் பாதியைத்தான் சொன்னான். "ஆலைத் தண்ணி சுத்தமா இருக்கான்னு உன் மீனை வெச்சுத்தான் பாக்கறாங்க" என்றான். அது பொய்யில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாதம் பிறந்தால் வாளியில் கையை விட்டுத் துழாவி, துறுதுறு என்று இருப்பதாகப் பொறுக்குவாள்.

"நோஞ்சான் ஒண்ணுகூட இருக்கக் கூடாதுடா. ஆபீஸுக்குப் போற மீனு. நம்ம மானம் போயிடும்."

அந்த டப்பாவை வாங்கிப் பையில் வைக்கும்போது மட்டும் அவன் கண் எங்கேயோ இருக்கும்.

அக்காவின் புருஷன், அவன் மச்சான், மட்டிச் சிப்பி எடுக்கிறவர். கழி கடலோடு சேர்கிற இடத்தில் அகலமான சேற்றுத் திட்டு உண்டு. வற்றத்தில் அங்கே இறங்கிக் காலால் தடவித் தடவி மட்டியைக் கண்டுபிடித்துக் கூடையில் போடுவார். அவரோடு முப்பது நாற்பது பேருக்கு அதுதான் பிழைப்பு. பேச்சு குறைந்த மனுஷன். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் மறுநாள் வரும் என்று அக்கா கேலி செய்வாள்.

அந்த வருஷம் வெயில் காலம் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் அவர் கூடையோடு வந்து, அதை வாசலில் வைக்காமல் நேரே சமையலறைக்குள் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். மட்டிகள் உருண்டன. எல்லாம் வாயைத் திறந்திருந்தன. உள்ளே சதை கறுத்துக் கூழாகக் கிடந்தது. அந்த வாடையில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இது எங்க?"

"தெற்குத் திட்டு பூரா."

"பூராவா?"

"காலை வெச்சா ஓடுதான் குத்துது. உயிரோட ஒண்ணுகூட இல்லை."

தம்பிக்கு அன்று வார விடுமுறை. மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். மச்சான் அவன் எதிரில் உட்கார்ந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. சேற்றுக்கு மேலே தொடையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"மாப்ளே, ஆலைத் தண்ணி எப்படி இருக்கு?"

"டெஸ்ட் பாஸ் மச்சான். போன மாசமும் பாஸ்தான்."

"எல்லாம் சரியா இருக்குதில்லே?"

"பத்துக்குப் பத்து" என்று அக்கா முந்திக்கொண்டாள். "நான் குடுத்த மீனுங்க. ஒண்ணு சாகலை. வேற ஏதோ சீக்குதான் மட்டிக்கு. வெயிலு இந்த வருஷம் என்ன வெயிலு!"

"வெயிலாத்தான் இருக்கும்" என்றான் அவன்.

மச்சான் தலையை ஆட்டினார். அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைப் பார்த்துக்கொண்டு ரொட்டியை விழுங்குவது சேற்றை விழுங்குவதாக இருந்தது. அவர் எழுந்து செத்த மட்டிகளை ஒவ்வொன்றாகக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். அவனும் குனிந்து பொறுக்கினான். ஒன்றிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினான்.

அடுத்த மாதமும் அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு போனான். அதுதான் இந்தக் கதையில் சொல்லவே கூசுகிற இடம். செத்த மட்டியைக் கையால் தொட்ட பிறகும் போனான். பத்து மீனை விட்டான், எண்ணினான், பத்து என்று எழுதினான். தொட்டியில் அவை வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடியை முட்டின. தண்ணீர் லேசான ஊதா நிறத்தில் இருந்தது.

மட்டி எடுக்கிறவர்கள் மனு மேல் மனுவாகப் போட்டதில், தண்ணீர் பரிசோதனை ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஊருக்கே வந்து கூட்டம் போட்டார். ஒரு காலை நேரத்தில், மீன் ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட கொட்டகையில் கூட்டம். ஈரத் தரையில் நாற்காலிகள் வழுக்கின. முன்வரிசையில் ஆலைக்காரர்கள்: மேனேஜர், லேப் மேடம், ஓரத்தில் அவன். பின்னால் ஊர் முழுக்க நின்றது. மச்சான் ஒரு தூணில் சாய்ந்திருந்தார். அக்கா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், பாவாடை நுனியில் சேற்றோடு.

மேனேஜர் மாதாந்தரச் சான்றிதழ்களை எடுத்துக் காட்டினார். ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

"காகிதத்துல பாஸ் ஆனா மட்டி ஏன் சாவுது?"

"உள்ள ஒரு தண்ணி, வெளியில ஒரு தண்ணியா?"

"டெஸ்டே பண்றதில்லை, சும்மா உக்காந்து எழுதறானுங்க!"

கடைசியாகச் சொன்னவன் ஒரு விரலை நேரே தம்பியைப் பார்த்து நீட்டினான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாரைப் பாத்து என்னடா பேசறே? டெஸ்டு பண்றதில்லையா? மாசாமாசம் பண்றான். எனக்குத் தெரியும்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, அவன் என் தம்பி. இவங்க வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு, என் புருஷனும் மட்டிதான் எடுக்கறாரு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்லே? அந்தத் தண்ணியில விடற மீனை நான்தான் குடுக்கறேன். என் கையால பொறுக்கிக் குடுக்கறேன். ரெண்டு வருஷத்துல ஒண்ணு செத்ததில்லை. அக்கா பொய் சொல்லுவாளா? இவங்களையே கேளுங்க."

கொட்டகை அமைதியானது. அக்கா சொன்னால் சொன்னதுதான். நீட்டின விரல்கூட மடங்கியது. தம்பிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மேடம் மடியில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார்.

அப்போது ஒரு வயசான தூண்டில்காரர் முன்னால் வந்தார். ஒற்றைக் காலில் சாய்ந்து மணிக்கணக்காகத் தண்ணீரில் நிற்பதால் கொக்கு என்று பேர் வாங்கினவர்.

"அக்கா, எந்த மீனைக் குடுக்கறே?"

"எந்த மீனா? நான் வேற எதைப் பிடிக்கறேன்? கழிக்குஞ்சுதான்."

பிறகு பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்தில் இருந்தவரைப் பற்றி, வரிசை வரிசையாகப் பரவி, கொட்டகையே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிழைப்புப் போன மனுஷர்கள் சிரித்தார்கள்.

"கழிக்குஞ்சை விட்டுப் பாத்தானாமே!"

"சாக்கடையில விட்டாலும் குட்டி போடுமேடா அது!"

"டாக்டரு ரொம்பக் கெட்டிக்காரருதான்!"

அதிகாரிக்கு விளங்கவில்லை. கொக்கு தன் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து அவர் மேசையில் வைத்துத் திறந்தார். ஈரப் பாசி. அதை விலக்கினதும் கழிக்குஞ்சு ஒன்று துள்ளி அவருடைய காகிதங்களின் மேல் விழுந்து, சான்றிதழை நனைத்துக்கொண்டு புரண்டது.

"நேத்து காலையில வாங்கினதுங்க ஐயா. தண்ணியே காட்டலை. பாருங்க எப்படிக் குதிக்குது. இதை விட்டுத் தண்ணியைப் பாக்கறது, செருப்பை மாட்டிக்கிட்டு முள்ளு இருக்கான்னு பாக்கற மாதிரி."

அக்கா சிரிக்கவில்லை. அவள் மேசையில் புரள்கிற மீனைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த அந்தத் தலையில் அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று குனிந்தபடியே அவனுக்குத் தெரிந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஏம்மா, ஆலைக்கு இந்த மீனைத்தான் குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிக்கப் போறேன்."

அக்கா அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"இல்லைங்க."

"என்ன இல்லை?"

"நான் குடுக்கலைங்க. தம்பிக்கு வேலை நல்ல வேலைன்னு காட்டிக்கறதுக்காகச் சும்மா… பெருமைக்குச் சொன்னேன். அவன் எந்த மீனை விடறான்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அது இருந்தபோதைவிட நின்ற பிறகு கேட்கச் சகிக்கவில்லை. ஒருத்தரும் அவளை நம்பவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய் கண்ணாடி மீன் மாதிரி உள்ளே எலும்பு தெரிய நின்றது. அதிகாரி ஆலைக்காரர்களைப் பார்த்தார்.

"பண்ணை மீன்தான் சார் யூஸ் பண்றோம்" என்றார் மேடம், மெதுவாக.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். "நீங்கதானே டெஸ்ட் பண்றது? அப்படித்தானா?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். நனைந்த சான்றிதழை உதறிக்கொண்டு அதிகாரி, ஆலைத் தண்ணீரையும் கழித் தண்ணீரையும் எடுத்துப்போய்த் தாமே சோதிப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அக்கா யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். ஊர் அவளுக்கு வழிவிட்டது. முன்பும் வழிவிடுவார்கள், இது வேறு மாதிரி.

வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் வழக்கம்போலச் சாப்பாடு வைத்தாள், அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மச்சான் திட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவளுடைய கூடுகளில் அறுந்த கம்பிகளை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலை அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு தூண்டில்காரன் டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தான். இதுவரை அக்காவிடம் வாங்கின யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"இருபத்தொண்ணு இருக்கு" என்றான் தூண்டில்காரன், ஏமாந்த மாதிரி.

"இருக்கும்" என்றாள் அக்கா.

ஆலையில் மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். பண்ணை மீனுக்குச் சொல்லியிருப்பதாகவும், இனிமேல் பழைய மாதிரி செய்துவிடலாம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான நன்றியோடு சொன்னார்:

"உங்க அக்கா சமயோசிதமா பேசினாங்க. நான் ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க."

அந்தத் தேங்க்ஸை அவன் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? எந்த டப்பாவில் வைத்துக் கொடுப்பது? பகல் முழுக்கத் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். காற்று இயந்திரம் ஓடாமல் நின்றிருந்தது. தொட்டித் தண்ணீரில் ஊதா நுரை கட்டித் தட்டாகியிருந்தது. மூன்று மணிக்கு யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்தான். "என்ன டாக்டர், சீக்கிரமே?" என்றார் காவலாளி. அவன் சிரிக்காமல் பஸ் ஏறித் தண்ணீர் பரிசோதனை ஆபீஸுக்குப் போனான்.

மாடியில் சின்ன அறை. கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று அவன்தான் கேட்டான். அதிகாரி எழுந்துபோய்ச் சாத்தினார். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: பழுதான இயந்திரம், மல்லாந்த மீன், யாரும் கேட்காமல் தானாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம், இரண்டு வருஷக் கையெழுத்து. அதிகாரி குறுக்கே பேசாமல் எழுதினார். கடைசியில் மட்டும் நிமிர்ந்தார்.

"உங்க அக்கா அன்னைக்கு இல்லைன்னாங்களே?"

"எனக்காகச் சொன்னது சார்."

"அப்போ அவங்களையும் கேட்டு எழுதணும். நாளைக்கு வர்றேன்."

அது வரைக்கும் அவன் யோசித்திருக்கவில்லை. படியிறங்கும்போதுதான் உறைத்தது. பாரத்தை இறக்கி வைத்தோம் என்று நினைத்தது, அவள் தலையில்தான் போய் இறங்கியிருக்கிறது.

வெயில் சாய்வதற்குள் வீடு வந்தான். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நண்டு ஓடு நசுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். உட்காரத் தைரியமில்லை. அவள் கல்லைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

"நான் மீன் குடுத்ததையும்?"

"ஆமா."

"அப்போ நான் பொய் சொன்னதையும்."

அவன் தலையை ஆட்டினான்.

"பெருமை பிடிச்சவள்னு நாலு பேரு பேசினாங்க. பேசிட்டுப் போகட்டும்னு இருந்தேன். இனிமே பொய்க்காரின்னும் பேசுவாங்க." ஒரு ஓடு எடுத்து வைத்து நசுக்கினாள். "அதையும் பேசட்டும். சொன்னது நிஜம்தானே. நீ சொல்லிட்டு வந்ததும் சரிதான்டா, தப்புன்னு சொல்லலை. ஆனா எங்கிட்ட முதல்ல சொல்லணும்னு உனக்குத் தோணலை பாரு. மட்டியை இதே தரையில கொட்டினாரே உங்க மச்சான், அன்னைக்குத் தோணலை. நான் கூட்டத்துல நின்னு உளர்றதுக்கு முன்னாடி தோணலை. உக்காந்து கேட்டு எழுதிக்கறதுக்கு ஒரு வேத்து ஆளு வேண்டியிருந்துது உனக்கு."

"வெக்கமா இருந்துதுக்கா."

"எனக்கு மட்டும் என்னவா இருந்துதாம்?"

வாசலில் கம்பி முடிந்துகொண்டிருந்த மச்சானின் கை நின்றிருந்தது. அவன் அவரைப் பார்த்தான். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"கூட்டத்தன்னைக்கே தெரியும் மாப்ளே. நீயா வந்து சொல்லுவேன்னு இவ சொன்னா. நானும் சரின்னேன். தினமும் வாசல்ல உக்காந்துக்கிட்டுதான் இருந்தேன்."

அக்கா கைகழுவி எழுந்து தட்டில் சாப்பாடு வைத்தாள். அவன் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை வற்றத்தின்போது அதிகாரி இன்னொருவரோடு வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்ததும் ஊர் சும்மா இருக்குமா? மட்டிக்காரர்கள், தூண்டில்காரர்கள், கொக்கு, ஏலக் கொட்டகைப் பெண்கள் என்று முப்பது நாற்பது பேர் கழிக்கரையில் கூடிவிட்டார்கள். அக்கா சேற்றில் நின்று கூட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் வாளியைப் பிடித்திருந்தான். அன்று காலை அவள், "வேலைக்குத்தான் போகலையே, வாளியைத் தூக்கு" என்று சொல்லியிருந்தாள்.

"உள்ள போய்ப் பேசலாமாம்மா?" என்றார் அதிகாரி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு. "கதவைச் சாத்திக்கலாம்."

"எதுக்குங்க? அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தானே சொன்னேன்."

கூட்டைக் கரையில் வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அதிகாரியைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துச் சொன்னாள், மீன் விலை சொல்கிற அதே குரலில்:

"அன்னைக்குக் கொட்டகையில நான் முதல்ல சொன்னது நிஜம். பின்னாடி சொன்னது பொய். மீனை நான்தான் குடுத்தேன். எதுக்குன்னு சரியாத் தெரியாம குடுத்தேன். தெரிஞ்சதும் தம்பியைக் காப்பாத்தப் பொய் சொன்னேன். உங்க மட்டி செத்ததுல என் கையும் இருக்கு. எழுதிக்கங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொக்கு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். கூட்டத்தில் பின்னால் ஒரு பெண், திட்டில் பாதி வயதைக் கழித்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துபோனாள். அக்கா அவள் போவதைக் கடைசிவரை பார்த்தாள். கூப்பிடவில்லை.

தம்பிக்கு நேற்றைய அறை நினைவு வந்தது. சாத்தின கதவு, ஒரே ஒரு மனுஷர், தாழ்ந்த குரல். அதைப் பெரிய தைரியம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிஷம் நினைத்திருந்தான். இப்போது சேறு இன்னும் கொஞ்சம் ஆழமாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

அக்கா அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

அவன் கரையேறினான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மச்சானின் தொடையிலிருந்த தடிப்பைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இயந்திரம் கெட்டதிலிருந்து ஆரம்பித்தான். குரல் தொண்டைக்குள்ளேயே சுற்றியது.

"கேக்கலை" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவன் நிறுத்தினான். இந்தத் தடவை இயந்திரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "என்னை யாரும் கேக்கலை. நானாத்தான் சொன்னேன்."